‘இது அல்லது அது’: ஆப்ட் தானே தேர்ந்தெடுப்பது சரியா?

காட்பாடி:
டெபியன் 12 லினக்ஸ், அதில் எஞ்சின்எக்ஸ் என்கிற வெப் சர்வர் ஓடுகிறது. மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்டிடம் பிஎச்பி8.2 பேக்கேஜைக் கேட்டால், கூடவே இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியும் இறங்குகிறது. போர்ட் 80 ஏற்கெனவே எஞ்சின்எக்ஸ் கையில், அதனால் அப்பாச்சி எழாது. மறுபூட்டில் அப்பாச்சி முந்தினால் தளமே போச்சு. நம்மைக் கேட்காமல் ஆப்ட் முடிவெடுப்பது தப்பு. ஆர்ச் லினக்ஸின் நிறுவல் கருவியான பேக்மேன், ஒரு தேவைக்குப் பல பேக்கேஜ் இருந்தால் எண் போட்டுக் கேட்கிறது.

ஆற்காடு:
ஆப்ட் மேல் குற்றமில்லைங்க. அந்தப் பேக்கேஜின் டிபெண்ட்ஸ் வரியில் (கூடவே தேவைப்படுபவை) ‘அல்லது’ என்பதற்கு நெட்டைக்கோடு (|) போட்டு, பிஎச்பியை ஓட்டும் மூன்று வழிகளின் பெயர்: அப்பாச்சி மாட்யூல், எஃப்பிஎம், சிஜிஐ. மூன்றில் ஒன்று இருந்தால் போதும், புதிதாக எதுவும் வராது. ஒன்றும் இல்லையென்றால்தான் முதல் பெயர். எஞ்சின்எக்ஸ் பெயர் அந்த வரியிலேயே இல்லை, அதை ஆப்ட் கணக்கில் எடுக்க வழியில்லை. முதலில் பிஎச்பி8.2-எஃப்பிஎம் போடுங்க. ‘-எஸ்’ கொடுத்து ஒத்திகை பார்த்தால் என்ன வரப்போகுது என்று முன்பே தெரியும்.

ஆம்பூர்:
பிரியாணிக்குச் சீரகச் சம்பா அல்லது பாஸ்மதி என்று எழுதி, வீட்டில் பாஸ்மதி இருந்தால் அதையே போடுவது மாதிரி. கேள்வி கேட்பதும் தீர்வில்லை, காட்பாடி அண்ணே. லேபில் 40 கணினிக்கு ஸ்கிரிப்ட் ஓடும்போது பதில் சொல்ல யார் இருக்காங்க? பேக்மேனுக்கு ‘நோகன்ஃபர்ம்’ (கேட்காதே) கொடுத்தால் அதுவும் முதலாவதைத்தான் எடுக்கும்.

காட்பாடி:
அந்த 40 கணினிதான் என் வாதமே. மெயில் அனுப்ப ஏதாவது ஒரு சர்வர் வேண்டும் என்கிற பேக்கேஜ்களில் ‘டீஃபால்ட்-எம்டிஏ | மெயில்-டிரான்ஸ்போர்ட்-ஏஜென்ட்’ என்று இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்கிற மெயில் சர்வர் ஏற்கெனவே உள்ள கணினியில் அதுவே தொடரும், எதுவும் இல்லாததில் எக்ஸிம்4 என்கிற வேறொரு மெயில் சர்வர் வரும். கட்டளை ஒன்று, விளைவு இரண்டு. கணினியின் பழைய வரலாறு முடிவெடுக்கக் கூடாது.

ஆற்காடு:
இதை ஒத்துக்கறேன். பேக்கேஜ்களை உருவாக்கும் டெபியனின் பில்ட் கணினிகளே, அன்ஸ்டேபிள் என்கிற வளர்ச்சிப் பதிப்பில் முதல் பெயரை மட்டும்தான் பார்க்கும், பில்டுக்குப் பில்டு மாறக் கூடாது என்பதால். ஆனால் ஸ்கிரிப்டில் போஸ்ட்ஃபிக்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டால் இந்தப் பிரச்சினை ஏது? அப்பாச்சி மாட்யூல் வரவே கூடாதென்றால், ப்ரிஃபரன்சஸ்.டி கோப்பகத்தில் அதற்கு பின்-ப்ரையாரிட்டி (முன்னுரிமை எண்) -1 வையுங்க. ஆப்ட் அடுத்த பெயருக்குப் போகும்.

காட்பாடி:
-1 வைக்கிறேன். ஆனாலும் எஞ்சின்எக்ஸ் சர்வரில் அப்பாச்சி முதல் பெயராக இருப்பது சரியென்று ஒத்துக்க மாட்டேன். எஃப்பிஎம் எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி இரண்டோடும் ஓடும், அதுதான் முதலில் நிற்கணும்.