1970களின் இத்தாலியக் கிளுகிளுப்பு காமெடிகள்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1970களில் இத்தாலியில் குவிந்த வயதுவந்தோர் காமெடிப் படங்கள் வெள்ளையர் அல்லாதவர்களை எப்படிக் காட்டின என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். செர்ஜியோ கோர்புச்சி 1976இல் ராபின்சன் குரூசோ கதையைக் கிண்டலடித்து எடுத்த படம்தான் மையம். நாயகனாக நடித்த பாவ்லோ வில்லாஜ்ஜோ தீவில் கரையொதுங்குகிறார். மூல நாவலில் குரூசோவுக்குத் தீவில் துணையாகும் பழங்குடி ஆணின் பெயர் 'வெள்ளிக்கிழமை'; இங்கே அந்த 'வெள்ளிக்கிழமை' ஒரு பெண். நடித்தவர் எரித்திரியாவில் பிறந்த ஸெயுதி அராயா. எரித்திரியா 1941 வரை இத்தாலியின் காலனி. அதை மறந்துவிட்டு இந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அசடு வழிவது என்னவோ வெள்ளைக்காரர்தான், ஆனால் கேமரா மேய்வது அவர் மேல் இல்லையே!

1975இன் 'கறுப்பு இம்மானுவேல்' காமெடி அல்ல, இருந்தாலும் அதையும் தொடப்போகிறேன். அந்தக் 'கறுப்பு' நாயகி லாரா கெம்சர் பிறந்தது ஜாவாவில். வெள்ளை இல்லையென்றால் யாரானாலும் சரி போல.

அராயா இந்த வேடங்களைப் பற்றிப் பேசிய பேட்டி யாரிடமாவது இருக்கிறதா? இத்தாலிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், அதே காலத்து ஐரோப்பியக் காமெடிகளில் தன்பாலீர்ப்பாளர்களை வெறும் கேலிப்பொருளாக்காத படம் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். பார்த்தவர்கள் கருத்தும் வேண்டும், திட்டினாலும் சரி.