காலியாக ஓடும் கிலோமீட்டர்களைக் குறைப்பது எப்படி? செயலி வழிச் சவாரி ஓட்டுபவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: புதுச்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். செயலி மூலம் வாடகைக் கார் ஓட்டத் தொடங்கி எனக்கு நான்கு மாதங்கள் ஆகின்றன. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஆன்லைனில் இருக்கிறேன். சவாரிகளும் ஓரளவு வருகின்றன. ஆனாலும் எரிபொருள் செலவைக் கழித்துப் பார்த்தால், பல ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர்கள் அதே நேரத்தில் சம்பாதிப்பதைவிட என் கையில் நிற்பது மிகவும் குறைவாக இருக்கிறது.

சென்ற வாரம் நடந்த ஒன்றைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். மாலை நெரிசல் நேரத்தில் 22 கிலோமீட்டர் சவாரி ஒன்று வந்தது. நல்ல தொகை என்று மகிழ்ந்து ஏற்றுக்கொண்டேன். ஊரின் விளிம்பில், தெருவிளக்குகள் முடிகிற இடத்தில் பயணியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. காலி வண்டியோடு திரும்பி வருகையில், திரையில் ஒரு பகுதி சிவப்பாக மாறிக் கூடுதல் கட்டணம் என்று காட்டியது. ஆறு கிலோமீட்டர் விலகிச் சென்று அதைப் பிடிக்கப் பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் சிவப்பு மறைந்துவிட்டது. எனக்கு முன்பே வந்த நான்கைந்து வண்டிகள் சாலையோரத்தில் விளக்கணைத்து நின்றிருந்தன.

பயணி வண்டியில் இருக்கும்போது மேப் காட்டும் வழியிலேயே செல்ல வேண்டுமா, எனக்குத் தெரிந்த வழியில் செல்லலாமா? பயணியை இறக்கிய பின் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பதை நீங்கள் எவ்வாறு முடிவு செய்கிறீர்கள்? அனுபவத்திலிருந்து யாரேனும் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: இரவுச்சவாரி

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் கேள்விக்கான விடை, உங்கள் செயலி கூலியை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்தது. ஓடிய தூரத்துக்கும் ஆன நேரத்துக்கும் ஏற்பக் கூலி தரும் முறையும் உண்டு. சவாரி தொடங்கும் முன்பே ஒரு தொகையை உறுதி செய்துவிடும் முறையும் உண்டு. இரண்டாவது முறையில், செயலி ஒரு வழியையும் நேரத்தையும் மனத்தில் வைத்துத் தொகையை முன்கூட்டியே கணித்திருக்கும். நீங்கள் பத்து நிமிடம் முன்னதாகச் சேர்ந்தால் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு லாபம். நெரிசலில் சிக்கித் தாமதித்தால் இழப்பும் பெரும்பாலும் உங்களுடையதே. ஆகவே இந்த முறையில் தூரத்தைவிட நேரம் குறைவான வழிதான் நல்ல வழி. முதல் முறையில் சுற்றிப் போனால் கூலி கூடுமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது பயணிக்கு இழைக்கும் அநீதி. அவர் புகார் செய்தால் கட்டணம் திருத்தப்படும், உங்கள் மதிப்பெண் குறையும், கணக்கு முடக்கப்படவும் கூடும். உங்களுக்கு மேப்பைவிட நல்ல வழி தெரியுமானால், வண்டியைக் கிளப்பும்போதே பயணியிடம் சொல்லி அவர் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடி உள்ள வழியென்றால் கேட்காமல் செல்லவே கூடாது.

உங்கள் வருமானம் உண்மையில் ஒழுகும் இடம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அந்த 22 கிலோமீட்டர் சவாரியையே எடுத்துக்கொள்வோம். அதன் கூலியை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணியை ஏற்றுவதற்கு 3 கிலோமீட்டர், 8 நிமிடம். சவாரி 45 நிமிடம். காலியாகத் திரும்ப 50 நிமிடம். மொத்தம் 103 நிமிடத்தில் 47 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள், மணிக்கு ஏறத்தாழ 58 பங்கு கிடைத்திருக்கிறது. நீங்கள் அங்கே காத்திருந்த அரை மணி நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. அதற்குப் பதிலாக நகரின் நடுவே ஐந்து கிலோமீட்டர்ச் சவாரிகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 28 பங்கு என்று கொள்வோம். ஒவ்வொரு சவாரிக்கும் ஏற்றச் செல்ல 2 கிலோமீட்டரும் 6 நிமிடமும், ஓட்டம் 15 நிமிடம், அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பு 7 நிமிடம். மூன்றும் முடிய 84 நிமிடமும் 21 கிலோமீட்டரும் ஆகும். கூலி 84 பங்கு, அதாவது மணிக்கு 60.

மணிக்கணக்கில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மணிக்கு 27 கிலோமீட்டர் ஓடி எரிபொருளையும் டயரையும் தேய்த்திருக்கிறீர்கள். இரண்டாவதில் 15 மட்டுமே. செயலியின் திரை இந்த வேறுபாட்டைக் காட்டாது, ஏனென்றால் அது சவாரியின் தொகையை மட்டுமே காட்டுகிறது. அழைப்பு வரும்போது சவாரி எங்கே முடிகிறது, அங்கிருந்து காலியாக எவ்வளவு தூரம் வர நேரும் என்பதையும் சேர்த்து மனத்தில் வகுத்துப் பார்க்கப் பழகுங்கள்.

பதில்: ரிட்டர்ன்சவாரி

மேலே உள்ள கணக்கை ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு நீண்ட சவாரி எல்லாவற்றையும் புதிய நண்பர் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நீண்ட சவாரியின் பயன், அது முடியும் இடத்தில் அந்த நேரத்தில் யார் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. காலையில் குடியிருப்புப் பகுதியிலிருந்து அலுவலகப் பகுதிக்குச் சவாரிகள் வரும். மாலையில் அவை திசைமாறும். ஆகவே மாலையில் புறநகர்க் குடியிருப்பில் முடியும் சவாரி காலியாகத் திரும்ப வைக்கும். அதே குடியிருப்பில் விடியற்காலையில் முடியும் சவாரி, அலுவலகத்துக்குக் கிளம்புபவர்களின் வாசலிலேயே உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். ஒரே வழி, ஒரே தூரம். நேரம் மாறினால் பலன் முற்றிலும் மாறிவிடுகிறது.

பல செயலிகளில், செல்ல விரும்பும் இடத்தைக் குறித்துவிட்டால் அந்தத் திசையில் போகும் பயணிகளை மட்டுமே அனுப்பும் வசதி இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு இருப்பதால் பலர் அதை வீடு திரும்பும்போது மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஒரு முறையை நான் எப்போதும் இத்தகைய தொலைவுச் சவாரிக்கென்று எடுத்து வைத்திருப்பேன். திரும்பும் வழியில் பாதித் தூரத்துக்காவது ஒரு பயணி கிடைத்தால், காலி ஓட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

விமான நிலையத்துக்குச் செல்லும் சவாரிக்குத் தனிக் கணக்கு உண்டு. அங்கே பெரும்பாலும் முதலில் வந்தவருக்கு முதல் அழைப்பு என்ற வரிசை முறை இருக்கும். எல்லையை விட்டு வெளியேறினால் இடம் போய்விடும். வரிசையில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்று பார்த்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் இறங்குகின்றன என்பதையும் பார்த்துவிட்டு நிற்பதா, போவதா என்று முடிவெடுங்கள். ஒருமுறை வரிசையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, கடைசியில் மூன்று கிலோமீட்டர்ச் சவாரி கிடைத்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு உறைத்தது.

பதில்: நான்குமுனை

கூடுதல் கட்டணத்தைத் துரத்துவது பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. நண்பர் ஏமாந்த இடம் அதுதான் என்பதால் சொல்கிறேன். திரையில் தெரியும் சிவப்பு, அந்த நொடியில் அங்கே பயணிகள் மிகுந்தும் வண்டிகள் குறைந்தும் இருப்பதைக் காட்டுகிறது. அதைக் காண்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. சுற்றுவட்டாரத்தில் உள்ள ஓட்டுநர் அனைவரும் அதே நிறத்தைப் பார்த்து அங்கே திரும்புகிறார்கள். விலை ஏறியதைப் பார்த்துப் பயணிகளில் ஒரு பகுதியினர் காத்திருக்க முடிவு செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு தானாகவே மறைகிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்ஹாட்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஊபரின் கூடுதல் கட்டண முறையை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் கட்டணம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டதைக் காட்டினார்கள். அதற்குப் பின் முறைகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் மாறக்கூடிய ஒன்றைப் பிடிக்க, நெரிசலில் பதினைந்து நிமிடம் காலியாக ஓடுவது எப்படிப் பலன் தரும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் செய்வது இதற்கு நேர்மாறானது. சிவப்பு எங்கே தோன்றும் என்பதை முன்பே அறிந்து, அது தோன்றுவதற்கு இருபது நிமிடம் முன்னதாக அதன் ஓரத்தில் நிற்பேன். கடைசி ரயில் எப்போது வருகிறது, திரையரங்கக் காட்சி எப்போது முடிகிறது, விளையாட்டரங்கக் கூட்டம் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது, மருத்துவமனைப் பணியாளர்கள் எப்போது முறை மாறுகிறார்கள் என்பவையெல்லாம் நாள்தோறும் பெரிதும் மாறாதவை. ஓரத்தில் நிற்பேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாசலுக்கு எதிரிலேயே நின்றால், அழைப்பு வந்த பின்னும் கூட்டத்தைத் தாண்டி வெளியே வரக் கால் மணி நேரம் ஆகிவிடும். இரண்டு தெரு தள்ளி நின்றால், நடந்து வந்து அழைக்கும் பயணிகள் கிடைப்பார்கள், வண்டியும் உடனே புறப்படும்.

புதியவராக இருப்பதால் குறைவாகச் சம்பாதிக்கிறோம் என்று நண்பர் வருந்த வேண்டாம். அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊபர் ஓட்டுநர்களின் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 2,500 சவாரிகளுக்கு மேல் ஓட்டியவர்கள், 100 சவாரிகளுக்கும் குறைவாக ஓட்டியவர்களைவிட மணிக்கு 14 விழுக்காடு அதிகமாக ஈட்டியது தெரியவந்தது. எங்கே, எப்போது ஓட்டுவது என்பதும், எந்தச் சவாரியை ஏற்பது என்பதும் ஓட்ட ஓட்டத்தான் கைவருகின்றன. காலி ஓட்டமும் உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. டென்வர் நகரில் ஆய்வாளர் ஒருவர் தாமே ஓட்டுநராகி 416 சவாரிகளைப் பதிவு செய்தபோது, வண்டி ஓடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய 41 விழுக்காடு பயணி இல்லாமல் ஓடியதாகவே இருந்தது.

பதில்: பச்சைவிளக்கு

சிறிய செய்தி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அழைப்பு வந்ததும் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதோடு, பயணி சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றும் பாருங்கள். நடுவே தடுப்புள்ள அகலமான சாலையில், 200 மீட்டர் தொலைவில் எதிர்ப்பக்கம் நிற்பவரை ஏற்றுவதற்கு இரண்டு கிலோமீட்டர் சென்று யூ டர்ன் எடுக்க நேரும். பயணி நடைமேம்பாலம் வழியாக இந்தப் பக்கம் வர இயலுமா என்று பணிவாகக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். முதியவர்களிடமும் குழந்தைகளோடு இருப்பவர்களிடமும் நான் கேட்பதில்லை. காத்திருக்கும் இடத்தையும் இதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். நான்கு திசைக்கும் எளிதாகத் திரும்பக்கூடிய சந்திப்புக்கு அருகில் நின்றால், எந்தப் பக்கம் அழைப்பு வந்தாலும் வீண் சுற்று இராது. எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிட்டுத் திரும்பும் திருப்பங்கள் நேரத்தை விழுங்குகின்றன என்பதால்தான், பார்சல் நிறுவனமான யூபிஎஸ் தன் ஓட்டுநர்களுக்கான வழிகளில் அவற்றை இயன்றவரை தவிர்க்கிறது.

உங்களுடையது மின்சார வண்டியா, எரிபொருள் வண்டியா என்பதும் முக்கியம். எரிபொருள் வண்டி நின்று நின்று போகும் நெரிசலில் அதிகம் குடிக்கும். மின்சார வண்டியோ பிரேக் பிடிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதால் நகருக்குள் சிக்கனமாக ஓடும், அதிவேக நெடுஞ்சாலையில்தான் அதன் சார்ஜ் விரைவாக இறங்கும்.

மறுமொழி: புதுச்சக்கரம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என்னுடையது எரிபொருள் வண்டிதான். இரண்டு வாரங்களாக ஒரு சிறு குறிப்பேட்டை டேஷ்போர்டில் வைத்து, ஒவ்வொரு சவாரிக்கும் ஏற்றிய இடம், இறக்கிய இடம், அடுத்த அழைப்பு வரும்வரை ஆன நேரம், காலியாக ஓடிய தூரம் ஆகிய நான்கையும் வண்டி நின்ற பிறகு எழுதி வந்தேன். என் வருமானம் கரைந்தது தொலைவுச் சவாரிகளில் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, சவாரி முடிந்ததும் ஓரிடத்தில் நிற்காமல் அழைப்பைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிய கிலோமீட்டர்களே அவற்றைவிட அதிகமாக இருந்தன. நேற்று முதல், இறக்கிய இடத்திலிருந்து நல்ல சந்திப்பு ஒன்றுக்குச் சென்று என்ஜினை நிறுத்திவிடுகிறேன்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. அவ்வாறு எவ்வளவு நேரம் நிற்கலாம்?

பதில்: இரவுச்சவாரி

அதற்கான விடை உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் வழக்கமாக அழைப்பு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல ஒன்றரை மடங்கு நேரம் கடந்தும் வரவில்லையென்றால், உங்கள் குறிப்பில் அடுத்ததாக நல்ல பலன் தந்த இடத்துக்கு நகருங்கள். நான் நெரிசல் நேரத்தில் பன்னிரண்டு நிமிடமும், மதியம் இருபத்தைந்து நிமிடமும் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அப்போது நிற்கிற இடத்திலேயே அழைப்பு வந்துவிடும்.