மறுமொழி: சைக்கோநியூரோஇம்யூனாலஜி – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மனநோயெதிர்ப்பியல்' என்றால் சுருக்கமாக இருக்குமே. நடுவில் நரம்பு எதற்கு?

வணக்கம் ஐயா. மனமும் நரம்பும் உடலின் நோயெதிர்ப்பும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும் துறைக்குத்தான் பெயர் தேடுகிறோம். சுருக்கம் நல்லதுதான். ஆனால் இதைப் பார்க்கிற எவரும் முதலில் 'மனநோய்' என்றுதான் பிரித்துப் படிப்பார்கள். மனநோயை எதிர்க்கும் துறை என்று பொருளே மாறிவிடும்.

நரம்பையும் விடக் கூடாது. துறை பிறந்ததே மூளைக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள இணைப்பைத் தேடித்தான். 1975-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடரும் நிக்கலஸ் கோகனும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த நீரைக் கொடுத்து, கூடவே தடைக்காப்பை (நோயெதிர்ப்பை) ஒடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தையும் செலுத்தினார்கள். பிறகு மருந்தில்லாமல் அந்த இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உற்பத்தி குறைந்தது. மூளை கற்றுக்கொண்டது தடைக்காப்பு அணுக்களுக்கு (செல்களுக்கு) எப்படித் தெரிந்தது? சில ஆண்டுகள் கழித்து டேவிட் ஃபெல்டன் ஒரு வழியைக் காட்டினார்: பரிவு (சிம்பதெடிக்) நரம்பிழைகள் மண்ணீரலுக்குள் நுழைந்து நிணநீர் அணுக்களை ஒட்டியே முடிகின்றன. ஸ்ட்ரெஸ்ஸின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து போவது இன்னொரு வழி.

ஆகவே என் பரிந்துரை 'உளநரம்புத் தடைக்காப்பியல்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நோய்த்தடைக்காப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கை நண்பர்கள் 'நிர்ப்பீடனம்' என்று படித்தவர்கள். அவர்கள் 'உளநரம்பு நிர்ப்பீடனவியல்' என்று எழுதட்டும், முன்பாதி ஒன்றாக இருந்தால் போதும்.

அப்புறம், ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல். 'மன அழுத்தம்' வேண்டாம் என்பேன். செய்தித்தாள்கள் அதையே டிப்ரெஷனுக்கும் போடுகின்றன. அமெரிக்காவின் ஒஹையோவில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். விடுமுறையில் ஆறியதைவிடத் தேர்வு நேரத்தில் ஆற 40% கூடுதல் நாள் பிடித்தது. 1998-இல் வெளிவந்த ஆய்வு. அந்த மாணவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, தேர்வுதான் இருந்தது. இலங்கை உளநல எழுத்துகளில் வழங்கும் 'நெருக்கீடு' இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. டிப்ரெஷனுக்கு 'மனச்சோர்வு' இருக்கவே இருக்கிறது.

நெருக்கீட்டால் தடைக்காப்புக்கு நேரும் விளைவைக் குறிக்க முந்தைய மடல் ஒன்றில் வந்த 'தடைக்காப்புக் குன்றல்' பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நெருக்கீடு நீண்டுகொண்டே போனால் தடைக்காப்பு அணுக்கள், அழற்சியை அடக்கச் சொல்லும் கார்ட்டிசாலின் கட்டளைக்குச் சரியாகப் பணிவதில்லை. அழற்சி அடங்காமல் தொடர்கிறது. ஒருபக்கம் குறைவு, இன்னொரு பக்கம் மிகை. 'தடைக்காப்புப் பிறழ்வு' என்றால் இரண்டும் அடங்கும் என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.