ஆட்டோ ரிப்ளை: நாலு நாளா, இல்லையா?

சர்வர்சாமி:
நேத்து இங்க ஒருத்தர் பொங்கல் லீவுக்கு "டிப்ஸ்" போட்டிருக்கார். ஜிமெயில்ல, "லீவுல இருக்கேன்"னு தானா பதில் போற ஆட்டோ ரிப்ளை போட்டா வர்ற ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் போயிட்டே இருக்குமாம். எதிர்ல இருக்கிறவரும் லீவுன்னா ரெண்டும் விடிய விடியப் பேசி மெயில்பாக்ஸ் ரொம்பிடுமாம். அதுக்கு லைக் வேற அள்ளுது. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரே ஆள் நூறு மெயில் போட்டாலும் நாலு நாளைக்கு ஒரு பதில்தான் போகும். ஸ்பேமுக்கும் குரூப் மெயிலுக்கும் அதுவும் போகாது.

ஈரோட்டான்:
டிப்ஸ் போட்டது நான்தான். "ஒருத்தர்"னு ஏன் சாமி மறைக்கணும், பேரைச் சொல்லியே திட்டலாமே. போகியிலேருந்து காணும் பொங்கல் வரைக்கும் எண்ணித்தான் நாலு நாள்னு சொல்றீங்களோ? எங்க கிளையன்ட்கிட்டேருந்து காலையில ஒரு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு, மத்தியானம் இன்னொண்ணு.

சர்வர்சாமி:
நடுவுல அவர் வாசகத்தைத் திருத்தியிருப்பார். சப்ஜெக்டையோ உள்ள இருக்கிறதையோ மாத்தினா கணக்கு முதல்லேருந்து ஓடும். மத்தபடி நாலு நாள்.

ஈரோட்டான்:
"திருத்தியிருப்பார்." பக்கத்துல உக்காந்து பார்த்தீங்க.

மல்லிகா_பேரோல்:
ரெண்டு பேரும் தப்பு. எங்க ஆபீஸ் அவுட்லுக் மெயில்ல ஒரு ஆளுக்கு ஒரே தடவைதான் போகும், லீவு ஒரு மாசம்னாலும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் மறுபடி. ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒண்ணு, வெளியாளுங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கட்டம் வருமே, அதைக்கூட பார்த்ததில்லையா?

சர்வர்சாமி:
மேடம், நாலு நாள்.

மல்லிகா_பேரோல்:
சார், ஒரே தடவை.

பழைய_யூனிக்ஸ்:
சிரிப்பாக இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எரிக் ஆல்மன் எழுதிய 'வெகேஷன்' என்ற தானியங்கிப் பதில் நிரலில் ஒரு வாரம். மின்னஞ்சலை வடிகட்டும் 'சீவ்' மொழிக்கு 2008-இல் வந்த விதியிலும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 7 நாள். உங்களில் யாரும் பிறக்கும் முன்பே நான் அந்த 'வெகேஷனை' நிறுவியிருக்கிறேன்.

ஈரோட்டான்:
நாலு, ஒண்ணு, இப்ப ஏழு. ஏலம் முடிஞ்சதும் சொல்லுங்க.

சர்வர்சாமி:
ஐயா, வயசைக் காட்டி வாதம் பண்ணாதீங்க. ஈரோட்டுத் தம்பி சொன்ன அந்த முடிவில்லாத பேச்சுக்கு வர்றேன். 2004-லயே ஆர்.எஃப்.சி 3834-ங்கிற இணைய விதிமுறை ஆவணத்துல இதுக்கு வழி எழுதி வச்சாச்சு. தானா போற பதில்ல 'ஆட்டோ சப்மிட்டட்'னு ஒரு ஹெடர், அதாவது மெயிலோட தலைப்பகுதியில ஒரு குறிப்பு, இருக்கும். அதைப் பார்த்ததும் எதிர்ல இருக்கிற ஆட்டோ ரிப்ளை வாயை மூடிக்கணும். இது தெரியாமத்தான் ஊருக்கே டிப்ஸ். போன மாசம் இவரேதான் பாஸ்வேர்டை மெயில் டிராஃப்ட்ல வச்சுக்கலாம்னு எழுதினார். அப்பவும் நான்தான் வந்து திருத்தினேன். நன்றின்னு ஒரு வார்த்தை இல்ல.

ஈரோட்டான்:
நம்பர் சொன்னா பயந்துடுவோமா? அந்த 3834-ல நாலு நாள் எங்க இருக்கு?

பழைய_யூனிக்ஸ்:
அதில் பரிந்துரைத்திருப்பதும் 7 நாள்தான். சாமி அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

சர்வர்சாமி:
பரிந்துரை வேற, நடைமுறை வேற. கூகுள் உதவிப் பக்கத்துல நாலு நாள்னுதான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுப் படிங்க.

காவிரிக்கரை:
நாளை விடுங்கப்பா. எங்க டீம் லீடு, "அவசரம்னா இவரைக் கூப்பிடுங்க"ன்னு என்னைக் கேக்காமலே என் நம்பரைப் போட்டுட்டு கொடைக்கானல் போயிட்டார். தீபாவளியன்னைக்கு எண்ணெய்த் தலையோட உக்காந்து இன்வாய்ஸ் பஞ்சாயத்து பண்ணினேன். வெளியாளுங்களுக்குப் போற பதில்ல அடுத்தவன் போன் நம்பர் எதுக்கு?

மல்லிகா_பேரோல்:
ஜெர்மனியில டைம்லர் கம்பெனி 2014-ல ஒரு வழி பண்ணுச்சு. லீவுல இருக்கிறவர் விரும்பினா, அவருக்கு வர்ற மெயிலையே சிஸ்டம் அழிச்சிடும். அனுப்பினவருக்கு "அழிச்சாச்சு, அவசரம்னா இன்னாரைப் பாருங்க"ன்னு பதில் போகும்.

காவிரிக்கரை:
அங்கயும் "இன்னார்" ஒருத்தன் மாட்டுறானே மேடம்.

ஈரோட்டான்:
இங்க அதைச் செஞ்சா அப்ரைசல்ல நம்மளை அழிச்சிடுவாங்க. அது இருக்கட்டும், டைம்லர்ல எத்தனை நாளைக்கு ஒரு தடவை பதில் போகுமாம்? சாமியைக் கேளுங்க.

சர்வர்சாமி:
கிண்டல் வேண்டாம். கடைசி நாள் ராத்திரி 11.59 வரைக்கும் ஓடும், காண்டாக்ட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்னும் வச்சுக்கலாம், இதெல்லாம் எழுதலாம்னுதான் இருந்தேன். இந்தக் கூட்டத்துக்கு எழுத மனசு வரல. அட்மின் முதல்ல அந்த டிப்ஸைத் தூக்கட்டும்.

ஈரோட்டான்:
தூக்க மாட்டேன். ரெண்டு ரிப்ளை வந்துச்சு. வந்துச்சுன்னா வந்துச்சு.

மல்லிகா_பேரோல்:
எங்க ஆபீஸ்ல ஒண்ணுதான்.

காவிரிக்கரை:
என் நம்பரை எடுக்கச் சொல்லி எச்.ஆர்.க்கு எழுதலாமா? யாராவது பதில் சொல்லுங்கப்பா.

சர்வர்சாமி:
அதுக்குத் தனி இழை போடுங்க சார். இங்க பேசுறது நாலு நாள் பத்தி.