போடியிலிருந்து மூணாறுக்கு லிஃப்ட் கேட்டே போகலாமா? (இரண்டு பெண்கள், சொந்த வண்டி இல்லை)

மதுரைப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என்கூடப் படித்த தோழியும் ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் ஒரு பயணம் போகலாம் என்று இருக்கிறோம். போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, அப்புறம் மறையூர், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டை இறங்குவது. முடிந்தவரை லிஃப்ட் கேட்டே போக ஆசை. காசு மிச்சமாகும் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களோடு பேசிக்கொண்டே போனால்தான் ஊர் பிடிபடும் என்று தோன்றுகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அப்படி நின்றால் நம் பக்கம் யாராவது நிறுத்துவார்களா? எங்கே நிற்க வேண்டும், எந்த வண்டியில் ஏறக்கூடாது? "பொம்பளப் புள்ளைங்க இப்படியெல்லாம் போகக்கூடாது" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். இங்கேயும் அதைத்தான் சொல்வீர்கள் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மலைரோடு டிரைவர் எழுதியது:

தங்கச்சி, நான் போடியிலிருந்து பூப்பாறை, ராஜகுமாரி பக்கம் காய்கறி லோடு அடிக்கிற பிக்கப் டிரைவர். லிஃப்ட் கொடுக்கிறவன் என்ன யோசிப்பான் என்று சொல்கிறேன், அது தெரிந்தால் மற்றது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஓடுகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தாதீர்கள். நிற்கிற வண்டியிடம் போய்க் கேளுங்கள். மலையடிவாரத்து முந்தல் டீக்கடை, போடிமெட்டு செக்போஸ்ட், பூப்பாறை ஜங்ஷன், பெட்ரோல் பங்க், இவைதான் இடங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. லோடு வண்டி முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது வளைவில் நின்று கை காட்டினால் எவனும் நிறுத்தமாட்டான். நிறுத்தினால் மறுபடி எடுப்பதற்குள் கிளட்ச் கருகிவிடும், வண்டி பின்னால் உருளும், பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருக்கும். இறங்குகிற வண்டியும் அப்படித்தான், பிரேக் சூடாகிவிடக் கூடாது என்று இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டு வருவான். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை சுமார் 42 கிலோமீட்டர் ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள், அங்கே எல்லாரும் பறக்கிறார்கள். உங்களைப் பார்த்து, யோசித்து, ஓரம் கட்டுவதற்குள் வண்டி அடுத்த வளைவைத் தாண்டியிருக்கும். கட்டைவிரல் காட்டினால் 'சூப்பர்' என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு பதிலுக்கு அவனும் விரலைக் காட்டிவிட்டுப் போவான். கேட்டே ஆக வேண்டுமென்றால் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெதுவாக ஆட்டுங்கள், அதுதான் நம் ஊருக்குப் புரியும்.

டீக்கடையில் கேட்பதில் இன்னொரு நன்மை, ஆளைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் குடித்திருக்கிறானா, கூட இருக்கிறவர்களிடம் எப்படிப் பேசுகிறான், கடைக்காரருக்கு அவனைத் தெரியுமா, எல்லாம் தெரிந்துவிடும். அவனுக்கும் உங்களைப் பார்க்க நேரம் இருக்கும். நீங்கள் யார் வண்டியில் ஏறினீர்கள் என்பதை நாலு பேர் பார்த்திருப்பார்கள். இதைவிடப் பெரிய பாதுகாப்பு மலையில் கிடையாது. கடைக்காரரிடமே கேட்கலாம், "அண்ணே, மூணாறு போற நல்ல வண்டி எதுவும் வருமா?" என்று. பாதி நேரம் அவரே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 60 என்றால் தேனி. கேஎல் 68 தேவிகுளம், கேஎல் 69 உடும்பஞ்சோலை. இவை அநேகமாக இந்த ரோட்டிலேயே ஓடுகிற வண்டிகள், டிரைவரைக் கடையில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தப்பு செய்துவிட்டு நாளைக்கு இதே டீக்கடையில் வந்து அவன் நிற்க முடியாது. வெளியூர் டூரிஸ்ட் வண்டி எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அவனைத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை.

எங்களுக்கும் பயம் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. போடிமெட்டில் கேரள எக்சைஸ்காரர்கள் கஞ்சாவுக்காக வண்டியைச் சோதிப்பார்கள். முன்பின் தெரியாதவர் பையில் ஏதாவது இருந்தால் டிரைவரும் மாட்டுவான், வண்டியும் போய்விடும். போன மழைக்காலத்தில் முந்தலில் ஒரு தம்பி என்னிடம் வந்தான். கேட்பதற்கு முன்னாலேயே பையை டீக்கடை பெஞ்சில் வைத்து ஜிப்பைத் திறந்தான்: இரண்டு சட்டை, ஒரு துண்டு, பவர் பேங்க், முறுக்குப் பொட்டலம். அப்புறம், "அண்ணே, நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், அம்மாவுக்கு அனுப்பணும்" என்றான். எடுத்து, அனுப்பி, அம்மாவுக்குப் போன் போட்டு என் பேரையும் சொன்னான். எனக்குக் கோபமே வரவில்லை, நிம்மதியாக இருந்தது. இப்படிக் கேட்டதற்குக் கோபப்படுகிற டிரைவர் வண்டியில் நீங்கள் ஏறவே வேண்டாம். அதே மாதிரி, "இந்தப் பொட்டலத்தை மட்டும் செக்போஸ்ட் வரை வச்சுக்கங்க" என்று எவன் கொடுத்தாலும் கையால் தொடாதீர்கள்.

சரக்கு வண்டியின் பின்னால் ஏறாதீர்கள், லோடு மேலே உட்காரச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சும்மா ஏறி வந்தவருக்கு விபத்தில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள் என்றால் வேறு கதை. கேபினுக்குள் உட்கார்ந்தாலும் சட்டம் இதுதான். அதனால் மழையிலோ பஸ் போன பிறகோ மாட்டிக்கொண்டவர்களை மட்டும்தான் நான் ஏற்றுகிறேன். நீங்கள் காராகப் பார்த்து ஏறுங்கள்.

ஏறும் முன்னால் "காசு எதுவும் தரணுமா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். மலையில் சில ஜீப்புகள் ஆள் சேர்த்து ஓடும், இறங்கும்போது கேட்டால் சங்கடம். வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வாங்குவது பர்மிட் இல்லாத வேலை, அதில் மாட்டினால் உங்கள் பயணமும் நடுவழியில் நின்றுவிடும்.

பூப்பாறை டீச்சர் எழுதியது:

நான் போடியிலிருந்து தினமும் மலையேறி ஒரு தமிழ் வழிப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறவள். பஸ் தவறினால் லிஃப்ட்தான். உன் வீட்டில் சொன்னது அக்கறையில் சொன்னது. ஆனால் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர் விடியற்காலையில் இதே மலையில் வண்டி ஏறுகிறார்கள், பெண்கள் போகக்கூடாத ரோடு இல்லை இது.

அண்ணன் சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். காரில் குடும்பம் இருந்தால் ஸ்டியரிங் பிடித்திருப்பவரை விட்டுவிட்டு, பக்கத்திலோ பின்னாலோ இருக்கிற அம்மாவிடம் கேளும்மா. அவர் சரி என்றால் வண்டியே சரி என்ற மாதிரி. ஆண்கள் மட்டும் இருக்கும் கார் என்றால், இரண்டு பேருக்கு மேல் இருந்தால் நான் ஏறமாட்டேன். எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி.

"எங்கே போறீங்க?" என்று முதலில் நீ கேள். நீ மூணாறு என்று சொன்ன பிறகு அவரும் மூணாறு என்றால் அது பதிலாகாது. இரண்டு பேரும் பின்சீட்டில் உட்காருங்கள். ஒருத்தியை முன்னால் உட்காரச் சொன்னால் "எனக்கு மலையில் தலை சுத்தும், இவள் பக்கத்தில் இருக்கணும்" என்று சொல்லிவிடு. பை மடியில் இருக்கட்டும், டிக்கியில் போடாதே. டிக்கியில் பை இருந்தால் இறங்க நினைக்கிற நேரத்தில் இறங்க முடியாது. ஏறியதும் கதவை ஒருமுறை உள்ளேயிருந்து திறந்து சாத்திப் பார், சைல்டு லாக் போட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். எந்த லாட்ஜில் தங்குகிறீர்கள் என்பதைச் சொல்லாதே, "சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்பது போதும். வண்டியில் தூங்காதீர்கள், ஒருத்தி மட்டும்கூட.

நடுவில் மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேடிக்கொண்டு இருக்காதே. "வாந்தி வருது, நிறுத்துங்க" என்று சொல், வாயில் துண்டை வைத்துக்கொள். கொண்டை ஊசி ரோட்டில் இதைக் கேட்டு நிறுத்தாத டிரைவர் கிடையாது, யாருக்கும் தன் சீட் பாழாகிவிடக் கூடாது. ஆனால் ஒரு கடையோ வீடோ கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துச் சொல். காட்டுக்கு நடுவில் இறங்கி நிற்பது இன்னொரு ஆபத்து. இறங்கியதும் பையோடு கடைக்குள் போய்விடு, திரும்ப ஏற வேண்டாம்.

மலையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. லொகேஷனை முந்தலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடு, மேப்பை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள். அவசரத்துக்கு 112, இரண்டு மாநிலத்திலும் அதே நம்பர். பெண்களுக்கு 181-ம் உண்டு.

மதுரைப்பொண்ணு எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். இன்னும் சில சந்தேகம். ஏலத்தோட்ட ஜீப்பில் பெண்கள் கூடவே ஏறிக்கொள்ளலாமா? பைக்கில் யாராவது பெண் தனியாகப் போனால் கேட்கலாமா? மூணாறு தாண்டி சின்னார் காட்டு ரோடு எப்படி? மலையாளம் சுத்தமாகத் தெரியாது.

தேவிகுளத்தான் எழுதியது:

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், தேவிகுளம், மூணாறு எஸ்டேட்டுகளில் நாங்கள் எல்லாம் தமிழ்தான். மலையாளத்துக்காரர் என்றால் "சேட்டா, பூப்பாறை வரெ ஒரு லிஃப்ட் தருமோ?" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்.

நான் சொல்ல வந்தது யானையைப் பற்றி. பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நடுவில் வருகிற சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் சாயங்காலம் ரோட்டோரம் நிற்கவே நிற்காதீர்கள். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனது இந்தச் சின்னக்கானலில் இருந்துதான். அது போய்விட்டாலும் மற்ற யானைகள் இங்கேயேதான் இருக்கின்றன. ஜனவரியில் பனிமூட்டம் வேறு, பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. நாலு மணிக்கு மேல் புது லிஃப்ட் கேட்காதீர்கள். அப்போது எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே ரூம் போடுங்கள், இல்லையென்றால் பஸ் ஏறிவிடுங்கள்.

சின்னார் முழுக்கக் காடு. ராத்திரியில் வண்டி விடமாட்டார்கள், நடுவில் இறங்கக் கூடாது, நடக்கவும் கூடாது. அதனால் "கொஞ்ச தூரம் வரை விடறேன்" என்கிற லிஃப்ட் அங்கே உதவாது. மறையூரில் காலையிலேயே உடுமலைப்பேட்டை வரை போகிற வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். வெல்லம் வாங்க உடுமலை, பொள்ளாச்சி பக்கமிருந்து மறையூருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பஸ் இருக்கிறது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலை போகும் எண்ணம் இருந்தால் அங்கே லிஃப்ட் நடக்காது, வாடகை ஜீப்தான்.

மலைரோடு டிரைவர் எழுதியது:

தோட்ட ஜீப் வேண்டாம் தங்கச்சி. அதில் ஏற்கனவே அளவுக்கு மீறி ஆள் இருக்கும், அந்த நெரிசலோடு வளைவில் கவிழ்ந்த வண்டிகள் உண்டு. நீங்கள் இரண்டு பேர் ஏறினால் கூலிக்குப் போகிற யாரோ இரண்டு பேர் இன்னும் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

பைக்கில் கேட்கலாம், ஆனால் ஆளுக்கொரு ஹெல்மெட் கையில் இருக்கட்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம். கேரளாவில் 2023 ஜூனில் இருந்து கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள், அதனால் ஹெல்மெட் இல்லாமல் கேட்டால் நல்ல மனசு உள்ளவர்கூடத் தயங்குவார். இரண்டு பேரும் இரண்டு பைக்கில் பிரிந்து போகாதீர்கள். பைக்கை ஒருத்திக்கு மட்டும்தான் கேட்க முடியும் என்பதால் நீங்கள் காரையே நம்பிக் கிளம்புங்கள்.

போடி வந்ததும் குரங்கணி பஸ்ஸில் ஏறினால் முந்தலில் இறங்கிக்கொள்ளலாம், அது அந்த வழியாகத்தான் போகும். காலையில் வாருங்கள், மலையேறுகிற கார்கள் அப்போதுதான் அதிகம். கிளம்புகிற தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அன்றைக்கு எனக்கு லோடு இருந்தால் பனி எப்படி, ரோடு எப்படி, செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று காலையிலேயே சொல்லிவிடுகிறேன்.