பிக்கப் கோணலாக ஓடுகிறது: கமான் பட்டையா, சேஸா?

தக்காளி லோடு:
அண்ணன்களே, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்துற வண்டி, ஆறு வருஷமாச்சு. போன மாசம் பள்ளத்துல இறங்குனதுலேர்ந்து ஸ்டியரிங்கை நேரா பிடிச்சாலும் கோணலா போகுது. பைக்ல பின்னாடி வந்த மச்சான், "பின் சக்கரம் முன் சக்கரத் தடத்துல வரல"ன்னான். அலைன்மென்ட் ரெண்டு தடவை பார்த்தாச்சு. லோடு தாங்கட்டும்னு போன வருஷம் பின் கமான்ல (அடுக்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங்) பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டிருந்தேன். சேஸ், அதான் வண்டியோட அடிச்சட்டம், வளைஞ்சிருச்சுன்னு பட்டறைல சொல்றாங்க. செலவை நினைச்சா தூக்கமே வரல.

கமான் பட்டறை:
தம்பி, முதல்ல டேப் எடுங்க. சமதரைல ஸ்டியரிங் நேரா வச்சு, முன் சக்கர நடுவுலேர்ந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டும் சமமா இல்லேன்னா, பட்டை அடுக்கை நடுவுல கோர்த்து ஆக்சிலை இடத்துல நிறுத்துற சென்டர் போல்ட் ஏதோ ஒரு பக்கம் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். அடுக்கை ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் லூசானா மொத்த இழுப்பும் அந்த ஒத்தை போல்ட் மேல விழும், தாங்காது. அளவு சமமா இருந்து, சேஸ்ல மூலைக்கு மூலை அளவு மாறுனாதான் வளைவைச் சந்தேகப்படணும்.

தக்காளி லோடு:
இடது பக்கம் 12 மி.மீ. கம்மி! யூ போல்ட் நட்டு ஸ்பானர் வச்சதுமே சுத்துது. கழுவுனப்போ இன்னொண்ணும் பார்த்தேன்: பின் ஹேங்கர் (கமான் முனையைச் சேஸோட பிடிக்கிற தாங்கி) ரிவிட்டை ஒட்டி சேஸ்ல மயிரிழையா ஒரு கோடு, விரல் நீளம், துரு கசிஞ்சிருக்கு.

வெல்டிங் கடை:
அது விரிசல்தான். பட்டையைக் கூட்டுனதால கமான் விறைச்சு, அது வளைஞ்சு வாங்க வேண்டிய அடி நேரா ஹேங்கருக்குப் போயிருக்கு. பெயின்ட்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவுங்க, நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பூசுங்க. கொஞ்ச நேரத்துல கோடு ஈரமா எழும்பும். கண்ணுக்குத் தெரிஞ்சதைவிட நீளமாதான் இருக்கும். அந்த முனைல சின்னதா துளை போட்டாதான் விரிசல் நிக்கும். அப்புறம் விரிசல் நெடுக வி வடிவத்துல பள்ளம் வெட்டி, ஈரமில்லாம காய்ஞ்ச 7018 வெல்டிங் ராடுல வெல்ட். சேஸோட மேல், கீழ் மடிப்புல குறுக்கே வெல்ட் வைக்க மட்டும் விடாதீங்க, அங்கேயே மறுபடி விடும். பேட்டரி, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க.

கமான் பட்டறை:
அதுவரைக்கும் லோடு ஏத்தாதீங்க தம்பி. ஆக்சில் நகர்ந்தா பிரேக் ஹோஸும் இழுபடும். யூ போல்ட் புதுசாவே போடுங்க, பழசு நீண்டிருக்கும். லோடோட சில நூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப டைட் பண்ணணும்.

தக்காளி லோடு:
இன்னிக்குப் பிரிச்சோம். சென்டர் போல்ட் ரெண்டு துண்டா கைல வந்துச்சு. கூட்டுன பட்டையை ரெண்டு பக்கமும் கழட்டச் சொல்லிட்டேன். வெல்டிங் நாளைக்கு. ரொம்ப நன்றிண்ணே.