ழ-வை ள என்று படித்தால் தவறா? எழுத்துச் சோதனைக்கு யோசனை தேவை

வணக்கம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தனித்தனியாக அமர்த்தி எடுக்கும் வாசிப்பு, எண் சோதனையைத் தமிழில் தயாரிக்கிறோம். அமைப்பு ஈ.ஜி.ஆர்.ஏ. (Early Grade Reading Assessment, தொடக்க வகுப்பு வாசிப்பு மதிப்பீடு) முறைதான்: 100 எழுத்துக் கட்டம், 60 விநாடி. முதல் வரியின் 10 எழுத்தும் தவறினால் நிறுத்தம். 3 விநாடி தயங்கினால் அடுத்ததைக் காட்டுவோம். நேரத்துக்கு முன்பே முடித்தால், நிமிடத்துக்கான மதிப்பெண் = சரியானவை × 60 ÷ எடுத்த விநாடி.

தகராறு மதிப்பெண்ணில்தான். கெ-யைக் கே என்றால் தவறு, அதில் சந்தேகமில்லை. கொம்பின் சுழியைக் குழந்தை கவனிக்கவில்லை. ஆனால் ழ-வை ள என்று படிக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியவில்லையா, நாக்கு வரவில்லையா? ர-ற, ன-ண-விலும் இதே கதை. பேச்சிலேயே வேறுபாடு இல்லாத குழந்தைக்குத் தவறு போட்டால், நாம் அளப்பது வாசிப்பை அல்ல. எல்லாவற்றையும் சரி என்று விட்டால், சொல்வதெழுதலில் அந்தப் பிழைகள் கொத்தாக வெளிவரும்.

இப்போதைக்கு ஒலிக்குழப்பத்துக்குத் தனிக்குறி போடுகிறோம். விநாடி ஓடும்போது மூன்று வகைக் குறி போடுவது மதிப்பீட்டாளருக்குச் சிரமம். ஒரே குழந்தைக்கு இருவர் குறித்த தாள்கள் பொருந்துவதில்லை.

யாராவது நேரக்கணக்கு இல்லாமல், ழ-ள-ல அட்டைகளைப் பரப்பி, 'பழம் என்பதில் வரும் எழுத்தை எடு' என்று தனியாகச் சோதித்திருக்கிறீர்களா? எத்தனை அட்டை போதும்?

எண் பகுதியிலும் ஒன்று: 20 கூட்டல் கணக்குகளில் விரல்விட்டு எண்ணியதை எப்படிப் பதிகிறீர்கள்? மாதிரித் தாள் இருந்தால் பகிருங்கள்.